கொட்டாங்குச்சியும் சாயத் தண்ணீரும்: கடைக் கழிவுக்கு உண்மையில் என்ன விலை?

வியாபாரம் என்று இருந்தால் கழிவு என்றும் ஒன்று இருக்கத்தான் செய்யும். தேங்காய் உடைத்துப் பருப்பெடுக்கும் களத்தில் கொட்டாங்குச்சி மிஞ்சுகிறது. புளி தட்டும் கிடங்கில் ஓடும் நாரும் கொட்டையும் குவிகின்றன. நிலக்கடலை உடைக்கும் மில்லின் பின்புறம் ஓடு மலைபோல் நிற்கிறது. அரிசி ஆலையில் உமி, பழக்கடையில் ஆரஞ்சுத் தோல், வாழைமண்டியில் தண்டு, டீக்கடை வாசலில் டீத்தூள் சக்கை. இவற்றில் சிலவற்றுக்கு நாம் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். புளியங்கொட்டை மாவாகி நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. உமி கொதிகலனுக்குப் போகிறது. மற்றவை குப்பை வண்டிக்குப் போகின்றன.

இந்தக் குப்பையைக் கொண்டு சாயப்பட்டறைத் தண்ணீரை நிறமில்லாமல் செய்யலாம் என்ற செய்தி பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. ஒரு கல்லூரியில் ஆரஞ்சுத் தோலால் செய்தார்கள், இன்னொரு கல்லூரியில் வாழைத் தண்டால் செய்தார்கள் என்று படிக்கிறோம். படித்த கையோடு, 'அப்படியானால் நம் கடைக் கழிவை விலைக்கு எடுப்பார்களா?' என்று வாசக அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூறிவிட முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கணக்கு நமக்குப் புதிதல்லவே.

நொய்யல் பட்ட பாடு

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். இந்த ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்டது. அப்போது அது ஈரோடு மாவட்டம். 2009-க்குப் பிறகு திருப்பூர் மாவட்டம். விவசாயிகளின் வயலுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டிய அணை அது. ஆனால் மேலே இருந்து வந்து சேர்ந்தது சாயக்கழிவு. சில ஆண்டுகளிலேயே 'இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம், மதகைத் திறக்காதீர்கள்' என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. அணை கட்டச் சொல்லிப் போராடியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அணைத் தண்ணீரை வேண்டாம் என்ற ஊர்கள் அதிகம் இல்லை.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2006-இல் தீர்ப்பு வந்தது. சாய ஆலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்போதும் ஆற்றில் கழிவு விடுவது நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை எட்டும் வரை சாய, சலவை ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. அந்த ஆண்டே தமிழக அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது.

சாய ஆலை நின்றால் சாய ஆலைக்காரர் மட்டுமா நிற்கிறார்? துணி நெய்பவர், தைப்பவர், அட்டைப்பெட்டிக்காரர், லாரிக்காரர் என்று வரிசையாக நிற்கிறார்கள். கடைசியில் நிற்பது மளிகைக் கடையின் பற்று நோட்டு. வாரக்கூலி வாங்கும் குடும்பத்துக்குக் கடன் கொடுத்து வியாபாரம் செய்யும் நமக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. ஆகவே சாயத் தண்ணீர் என்பது ஆலைக்காரருக்கும் விவசாயிக்கும் இடையிலான வழக்கு, நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது.

தண்ணீரில் என்ன இருக்கிறது?

பனியன் துணிக்குப் பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். இது பருத்தி நூலோடு இரசாயன முறையில் பிணைந்துகொள்ளும். அதனால்தான் துவைத்தால் எளிதில் போவதில்லை. ஆனால் போட்ட சாயம் முழுவதும் நூலில் ஏறுவதில்லை. சாயத்தின் வகையையும் நிறத்தின் ஆழத்தையும் பொறுத்து 10 முதல் 40 விழுக்காடு வரை தண்ணீரிலேயே நின்றுவிடும். சாயத்தை நூலில் ஏற்ற உப்பு வேண்டும். அதைப் பிணைக்கச் சோடா வேண்டும். ஆழ்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். அது சமையல் உப்பாகவும் இருக்கலாம், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டாகவும் இருக்கலாம்.

100 கிலோ துணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் சாப்ட் புளோ இயந்திரம் என்றால் சாயத் தொட்டியில் 800 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் என்றே வைத்தாலும் 48 கிலோ உப்பு. ஆம், நம் கடைக்கு வரும் ஒரு மூட்டை உப்பு! ஆழ்ந்த நிறத்துக்குத் துணியின் எடையில் 4 விழுக்காடு சாயம் என்றால் 4 கிலோ. அதில் கால் பங்கு நிற்காமல் போனால் 1 கிலோ சாயம் தண்ணீரில் கலக்கிறது. பழைய வின்ச் இயந்திரங்களில் கிலோவுக்கு 20 லிட்டர் வரை தண்ணீர் பிடித்தது; உப்பும் அதே அளவில் கூடிற்று. அதன் பிறகு பலமுறை அலசும் தண்ணீர் தனி.

சாயம் கண்ணுக்குத் தெரியும். லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்கும் குறைவாக இருந்தால்கூடச் சில சாயங்கள் தண்ணீரைக் காட்டிக் கொடுத்துவிடும். உப்பு கண்ணுக்குத் தெரியாது. பயிரைக் கருக்கியதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்த உப்புக்குத்தான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதற்கு வருவோம்.

கரி நிறத்தைப் பிடிக்கும் விதம்

நிறத்தைக் கரி பிடிக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1785-இல் ரஷ்யாவில் மருந்துக்கடை நடத்தும் தொழிலில் இருந்த தோபியாஸ் லோவிட்ஸ் என்பவர், கரித்தூள் கரைசல்களின் நிறத்தை நீக்குவதைக் கவனித்தார். அதை முதலில் பெரிதாகப் பயன்படுத்திக்கொண்டது நம் சரக்கான சர்க்கரைதான். பழுப்புச் சர்க்கரைப் பாகை வெளுக்க ஐரோப்பிய ஆலைகள் மரக்கரியையும், 1812 முதல் எலும்புக்கரியையும் கையாண்டன. (நம் நாட்டுச் சர்க்கரை ஆலைகளில் பெரும்பாலானவை கந்தகப் புகை முறையைப் பின்பற்றுகின்றன, எலும்புக்கரி பற்றி வாடிக்கையாளர் யாராவது கேட்டால் சொல்லலாம்.)

இந்த வேலைக்கு விஞ்ஞானிகள் வைத்துள்ள பெயர் பரப்புக் கவர்தல். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது வேறு, இது வேறு. பஞ்சு உள்ளே இழுத்துக்கொள்கிறது. இங்கே சாயத்தின் மூலக்கூறு கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. எனவே பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு சாயம் பிடிக்கும். கொட்டாங்குச்சிக் கரியை 900 டிகிரி அளவு வெப்பத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. இப்படிக் கிடைப்பதுதான் கிளர்வூட்டிய கரி. வியாபாரத்தில் ஆக்டிவேட்டட் கார்பன். அதில் 1 கிராமை எடுத்துத் துளைகளின் சுவரையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர்!

தேற்றாங்கொட்டையையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்தால் கலங்கல் தண்ணீர் தெளியும். அது மிதக்கும் மண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கனமாக்கி அடியில் இறக்கும் வேலை. முருங்கை விதையும் அதே இனம். தண்ணீரில் முற்றும் கரைந்துவிட்ட சாயம் அவ்வளவு சுலபத்தில் அடங்குவதில்லை.

கோவையில் நடந்த ஆராய்ச்சி

சாயக்கழிவின் பக்கத்திலேயே அதற்கான ஆராய்ச்சியும் நடந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் பேராசிரியர் சி. நமசிவாயமும் அவரது மாணவர்களும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே இதில் ஈடுபட்டனர். வாழைத் தண்டின் கழிவு பற்றிய கட்டுரை 1992-இலும், ஆரஞ்சுத் தோல் பற்றியது 1996-இலும், தென்னை நார்க்கழிவு பற்றியவை 2001 முதலும் வெளிநாட்டு ஆய்வு இதழ்களில் வந்தன. கயிற்று ஆலைகளின் ஓரத்தில் மலைமலையாகக் குவிந்து மழைக்காலத்தில் பழுப்பு நீரைக் கசியவிடும் நார்க்கழிவு ஏதோ ஒன்றுக்கு உதவும் என்று காட்டியதே பெரிய காரியம். உலகெங்கும் இதே வழியில் உமிச்சாம்பல், மரத்தூள், கரும்புச் சக்கை, கடலை ஓடு, டீச்சக்கை, அனல் மின் நிலையச் சாம்பல் என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எல்லாம் ஓரளவுக்குச் சாயத்தைப் பிடிக்கின்றன.

அந்த 'ஓரளவு' என்ற சொல்லில்தான் வியாபாரம் இருக்கிறது.

நார்க்கழிவிலிருந்து செய்த கரி, காங்கோ ரெட் என்னும் சாயத்தை 1 கிராமுக்கு ஏறத்தாழ 6.7 மில்லி கிராம் பிடித்ததாகக் கோவை ஆய்வு காட்டியது. சொல்வது எளிது, நம் 100 கிலோ துணிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். தண்ணீரில் நின்றது 1 கிலோ சாயம். கிலோவுக்கு 6.7 கிராம் வீதம் பிடிக்கும் கரி என்றால் ஏறத்தாழ 150 கிலோ கரி வேண்டும். அதாவது துணியின் எடையைவிடக் கரியின் எடை அதிகம். இதே வேலைக்கு, கிலோவுக்கு 200 கிராம் பிடிக்கும் நல்ல கிளர்வூட்டிய கரி கிடைத்தால் 5 கிலோ போதும். முதலாவது கரியை இனாமாகவே கொடுத்தாலும், 150 கிலோவை ஏற்றி இறக்கி, தொட்டியில் கலக்கி, வடிகட்டி, ஈரத்தோடு அள்ளி வெளியே கொண்டுபோகும் கூலிக்கு இரண்டாவது கரியை விலை கொடுத்து வாங்கிவிடலாம். 'மலிவான சரக்கு' என்பது கிலோ விலையில் இல்லை, வேலைக்கு ஆகும் விலையில் இருக்கிறது என்பதை மிளகாய்த்தூள் விற்கும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆய்வாளர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அதே நார்க்கழிவைத் துத்தநாகக் குளோரைடு போன்ற பொருள்களால் பதப்படுத்தினால் பிடிப்பு கூடும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். ஆனால் பதப்படுத்தச் செலவு உண்டு. கலந்த துத்தநாகத்தைக் கழுவி எடுக்கவும் வேண்டும். அந்தக் கழுவிய தண்ணீரை எங்கே விடுவது? இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்று வருகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சாயங்களில் நேர்மின் சுமை உடையவை, எதிர்மின் சுமை உடையவை என இரு சாதி உண்டு. ஆய்வுக்கூடங்களில் மிக அதிகமாகச் சோதிக்கப்படுவது மெத்திலீன் புளூ என்னும் நேர்மின் சாயம். தாவரக் கழிவின் பரப்போ பொதுவாக எதிர்மின் சுமை உடையது. காந்தத்தின் வட முனையும் தென் முனையும் போல் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆய்வு நன்றாக வருகிறது. ஆனால் திருப்பூரில் புழங்கும் ரியாக்டிவ் சாயம் எதிர்மின் சுமை உடையது. கடலை ஓட்டுத் தூளை அதில் போட்டால் ஒன்றையொன்று தள்ளும். அமிலம் ஊற்றித் தண்ணீரைப் புளிப்பாக்கினால் பிடிக்கும். ஆனால் சாயத் தண்ணீர் சோடா கலந்தது, காரத் தன்மை உடையது. லட்சக்கணக்கான லிட்டருக்கு அமிலம் ஊற்றுவது யார்? பத்திரிகையில் 'தொண்ணூறு சதவீதம் நிறம் நீங்கியது' என்று படித்தால், எந்தச் சாயத்தில் என்று கேட்பது நல்லது.

பச்சைக் கழிவை அப்படியே போடுவதிலும் ஒரு வம்பு இருக்கிறது. புளிய ஓட்டையோ நார்க்கழிவையோ தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். அதுவே பழுப்பு நிறம் விடும். சாயத்தை நீக்கப் போய்த் துவர்ப்பைக் கலந்த கதையாகும். கரியாக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கழிவுகளில் ரியாக்டிவ் சாயத்துக்கு நன்கு பொருந்துவதாகத் தெரிவது கடலோரக் கழிவுதான். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்னும் பொருள் நேர்மின் தன்மை உடையது; தன் எடைக்குச் சமமான அளவு சாயத்தைக்கூடப் பிடித்த ஆய்வுகள் உண்டு. ஆனால் ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றிப் பதப்படுத்தித்தான் அதை எடுக்க வேண்டும். மருந்துத் தொழிலும் அதை வாங்குகிறது. ஆகவே அதைக் குப்பை விலைக்கு எதிர்பார்க்க முடியாது.

உப்பு எங்கே போயிற்று?

இப்போது முன்னர் சொன்ன உப்புக்கு வருவோம். கரி சாயத்தைப் பிடிக்கும், வாடையைப் பிடிக்கும், பல நச்சுக் கரிமப் பொருள்களைப் பிடிக்கும். உப்பைப் பிடிக்காது. நம் 48 கிலோ உப்பு, கரித்தொட்டியைத் தாண்டியும் 48 கிலோவாகவே நிற்கும். நிறம் போய்த் தண்ணீர் இளநீர்போல் தெளிந்திருக்கும்; வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும். ஆற்றில் விடும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சாயத் தொட்டியில் இருப்பதோ லிட்டருக்கு 60,000 மில்லி கிராமுக்கு மேல்.

எனவேதான் 2011-க்குப் பிறகு திருப்பூர் வேறு பாதையில் போயிற்று. நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவைச் செரிக்கவைத்து, ஆர்.ஓ. சவ்வுகளில் அழுத்தித் தள்ளி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புக் கரைசலை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள்; அல்லது காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். மின்சாரமும் விறகும் தின்னும் வழிதான். ஆனால் உப்பைத் தடுக்க இதைவிட மலிவான வழி இன்னும் பெரிய அளவில் நிலைக்கவில்லை. இந்த வரிசையில் கரிக்கு இடம் உண்டு. சவ்வுக்குப் போகுமுன் எஞ்சிய நிறத்தையும் கரிமப் பொருளையும் நீக்கினால் சவ்வு நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அது துணை வேடம்தான். கதாநாயகன் வேடம் இல்லை. கடலை ஓட்டால் நொய்யல் சுத்தமாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் உப்பை மறந்துவிட்டு எழுதுகிறார்கள் என்பது எங்கள் கருத்து.

சாயம் ஏறிய கரியை என்ன செய்வது என்பதும் பாக்கி இருக்கிறது. நல்ல கிளர்வூட்டிய கரியை உலையில் மீண்டும் 800 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்குபோல் சேதாரம் உண்டு. கழிவுத் தூளைப் புதுப்பிக்க முடியாது. அது சாயம் சுமந்த சேறாக நிற்கும். சாயக்கழிவுச் சேறு ஏற்கெனவே அபாயகரமான கழிவாகக் கருதப்பட்டு, தார்ப்பாய் மூடிய கிடங்குகளில் மூட்டைகளாகச் சேர்ந்து, பிறகு சிமெண்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. 100 கிலோ துணிக்கு 150 கிலோ கரி என்ற கணக்கை இதோடு சேர்த்துப் பார்த்தால், தண்ணீரில் இருந்த தொல்லையைத் தரைக்கு மாற்றியதாகத்தான் ஆகும். இந்தச் சேற்றை யாராவது எரிபொருள் என்றோ எரு என்றோ குறைந்த விலைக்குக் கொடுக்க வந்தால் வாங்கக் கூடாது. கிடங்கில் இறக்கவும் இடம் தரக் கூடாது. கண்டுபிடித்தால் இருப்பு வைத்தவர் பெயரில்தான் வழக்கு வரும்.

நமக்கு உள்ள வியாபாரம்

இவ்வளவும் சொன்ன பிறகு, நம்மவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லையா என்று கேட்டால், கொட்டாங்குச்சியில் நிச்சயமாக உண்டு. கெட்டியான ஓடு, குறைந்த சாம்பல், மிக நுண்ணிய துளைகள் என்று கிளர்வூட்டிய கரிக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் அதற்கு இருக்கிறது. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளுக்கு இதைத் தேடிப் பிடித்தார்கள். இன்று குடிநீர் வடிகட்டிக்கும், தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கவும் போகிறது. இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகியவை ஏற்றுமதி செய்யும் நாடுகள். ஒரத்துப்பாளையம் அணை இருக்கும் காங்கேயம் வட்டாரமே கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பேர்போன இடம் என்பதைப் பாருங்கள். நிறம் நீக்கும் சரக்கும் நிறம் தேங்கிய அணையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில்!

ஏறத்தாழ 3 கிலோ கொட்டாங்குச்சி சுட்டால் 1 கிலோ கரி. 3 கிலோ கரி பதப்படுத்தினால் 1 கிலோ கிளர்வூட்டிய கரி. ஆக 9 கிலோ ஓடு 1 கிலோவாகச் சுருங்குகிறது. விலை ஏறுவது இந்தச் சுருக்கத்தால்தான். மளிகைக் கடைக்காரர் கரி சுட வேண்டியதில்லை. ஓட்டைச் சேர்த்துக் கொடுத்தாலே போதும். ஆனால் கடைக்குக் கடை பத்தும் இருபதுமாகக் கிடக்கும் ஓட்டைத் தனித்தனியாக எடுக்க எந்த வியாபாரியும் வர மாட்டார். ஹோட்டல், கோயில், கல்யாண மண்டபம், தேங்காய் மண்டி என்று ஒரு தெருவுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் குவித்தால் வண்டி வரும். நார் ஒட்டியிராமல், பருப்பு ஒட்டியிராமல், காய்ந்து இருந்தால் நல்ல விலை. கரியாக விற்பவரிடம் ஈரம், சாம்பல், மணல், அரைகுறையாகச் சுட்ட துண்டு ஆகியவற்றுக்குக் கழிவு பிடிப்பார்கள். கிளர்வூட்டிய கரிக்கு அயோடின் எண் என்று ஓர் அளவு உண்டு. 900, 1,000, 1,100 என்று அந்த எண் ஏற ஏற விலை ஏறும்.

கடலை ஓடு, உமி ஆகியவற்றின் நிலைமை வேறு. லாரி நிறையும், எடை நிறையாது. தூரத்துக்கு அனுப்பினால் வாடகையே சரக்கின் விலையைத் தின்றுவிடும். மேலும் அவை இன்று சும்மா கிடப்பவை அல்ல. உமியை ஆலை வாசலில் இலவசமாக அள்ளிச் சென்ற காலம் போய்விட்டது. கொதிகலன்காரர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் 'விலையில்லாக் கழிவு' என்று போட்டிருப்பார்கள். ஒரு பொருளை நாலு பேர் கேட்கத் தொடங்கிய அன்றே அதற்கு விலை வந்துவிடும் என்பது சந்தையின் வழக்கம்.

இயந்திரம் விற்க வருபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'இந்த உலையை வாங்குங்கள், உங்கள் கழிவைக் கரியாக்குங்கள், கரியை நாங்களே சாய ஆலைகளுக்கு எடுத்துக்கொள்கிறோம்' என்று யாராவது வந்தால், எந்தச் சாய ஆலை வாங்குகிறது, எந்த அயோடின் எண்ணுக்கு என்ன விலை, வாங்கும் ஆலையின் கொள்முதல் கடிதம் எங்கே என்று கேளுங்கள். கரியின் மாதிரியை நாமே ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதிக்க அனுமதிப்பாரா என்றும் கேளுங்கள். திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்பவர் அதற்கு முன்பணம் கட்டுவாரா என்பது இறுதிக் கேள்வி. முன்பணம் எல்லாம் நம் பக்கமிருந்தே போவதானால் யோசிக்க வேண்டும்.

கரி சுடும் தொழிலிலும் மாசு உண்டு என்பதை மறைக்க முடியாது. திறந்த குழியில் சுடும்போது எழும் புகையும், அணைக்க ஊற்றும் தண்ணீரில் இறங்கும் தாரும் அக்கம்பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கின்றன. இதற்காக விவசாயிகள் புகார் செய்ததும் உண்டு. சாயத்தை நீக்கும் கரிக்காக இன்னொரு கிணற்றைக் கெடுப்பதில் பொருளில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் குழி தோண்டினால் உள்ளூர்த் தகராறோடு சட்டத் தகராறும் சேரும். புகையை எரித்து அந்தச் சூட்டையும் பயன்படுத்தும் மூடிய உலைகள் இருக்கின்றன. முதல் அதிகம், ஆனால் தகராறு குறைவு.

கரியை இருப்பு வைக்க நினைக்கும் மளிகை வியாபாரிகளுக்கு ஒன்று. புதிதாகச் சுட்ட கரி காற்றை இழுத்துத் தானே சூடேறும். மூட்டைகளை நெருக்கி அடுக்கினால் உள்ளுக்குள் கனன்று தீப்பிடிக்கும். சுட்ட கரியைச் சில நாள் காற்றாட ஆறவைத்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். அடுக்குகளுக்கு இடையில் கை நுழையும் அளவு இடைவெளி வேண்டும். எண்ணெய் டின், தீப்பெட்டி, சணல் சாக்கு இருக்கும் கிடங்கில் கரி கூடவே கூடாது. கிடங்குக்கு எடுத்துள்ள தீ காப்பீட்டில் கரி என்று குறிப்பிடாமல் கரி வைத்திருந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதால், மூட்டை இறங்கும் முன்பே பாலிசியை எடுத்துப் படித்துவிட வேண்டும்.